மூன்றாம் பாலத்தில் கவிழும் ரயில்

அக்காவின் வலது கையிலிருந்து மாவுக்கட்டைப் பிரித்த அன்று, உள்ளேயிருந்து வேறு யாருடையதோ போல ஒரு கை வெளியே வந்தது. வெளுத்து மெலிந்திருந்தது. விரல்கள் பாதி மடங்கியபடி நின்றன. மூடச் சொன்னால் மூடவில்லை, விரிக்கச் சொன்னால் விரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன குழந்தையைப் போல அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மழை நாளில் புனேயின் ஹடப்சர் பக்கம் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்து உடைந்த மணிக்கட்டு அது. எலும்பு ஒழுங்காகக் கூடிவிட்டது, இனி விரல்கள் பாடு என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபி பெண் மராத்திக்காரி. என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவளாக இருப்பாள். பேச்சில் ஒளிவுமறைவு கிடையாது. இப்போது விரல்களைப் பழக்கினால் உண்டு, விட்டால் அப்படியே இறுகிவிடும் என்றாள். அக்கா அவளிடம் கேட்ட ஒரே கேள்வி, ஸ்கூட்டர் ஓட்ட முடியுமா என்பது. பிரேக்கை முழுசாகப் பிடிக்கிற கைக்குத்தான் வண்டி என்று அந்தப் பெண் இந்தியில் சொன்னாள். சொன்ன மற்ற எதுவும் அக்கா காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

அக்காவைப் பற்றிச் சொன்னால்தான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். காலையில் ஒரு குடியிருப்பு, சாயங்காலம் வேறு குடியிருப்புகள். புனேயில் பெண்கள் துப்பட்டாவை முகத்தைச் சுற்றிக் கட்டி, கண் மட்டும் தெரிய ஸ்கூட்டரில் பறப்பார்களே, அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. பஸ்ஸில் ஏற மாட்டாள். ஆட்டோக்காரரோடு மல்லுக்கட்ட மாட்டாள். அடுத்தவர் வண்டியில் பின்னால் உட்காரவே மாட்டாள். கல்யாணமான புதிதில் அத்தான் ஆசையாகப் பின்னால் உட்காரச் சொன்னதற்கு, "நீங்க வேணா உக்காருங்க, நான் ஓட்டுதேன்" என்று சொன்னவள். அத்தான் இன்றுவரை பின்னால்தான் உட்காருகிறார். அவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

அப்படிப்பட்டவள் பயிற்சி என்றால் பாய்ந்து செய்வாள் என்று நினைத்தோம். அமுக்கச் சொல்லிக் கொடுத்த ரப்பர் பந்தைச் சோபாவுக்கு அடியில் உருட்டிவிட்டாள். களிமண் மாதிரி ஒரு பச்சை உருண்டை, அதைப் பிசைய வேண்டும். "நான் என்ன வாய்க்கால் கரையில வெளையாடுத பிள்ளையா?" என்று அதை டப்பாவுக்குள் திருப்பிப் போட்டு மூடினாள், இடது கையால். வலிக்கிறது என்று மட்டும் சொல்ல மாட்டாள். எங்கள் வீட்டில் வலிக்கு அவள் வைத்திருக்கும் பெயர் போர். "ஒரே போரா இருக்குல" என்றால் உயிர் போகிறது என்று நாங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

எனக்குக் கட்கி பஜாரில் ஒரு எலெக்ட்ரிகல் சாமான் கடை. பல்பும் வயரும் விற்கிறேன் என்பது ஊருக்கு. ஆட்கள் பேசுவதைக் கேட்பதுதான் என் உண்மையான தொழில். பியூஸ் வாங்க வருகிற மனிதர் தன் மாமியாரைப் பற்றிச் சொல்லாமல் போனால் எனக்கு வியாபாரம் ஆன மாதிரியே இருக்காது. பள்ளிக்கூடத்தில் தமிழ் கிடையாது. தினசரிக் காலண்டரைக் கிழித்துக் கிழித்து நானாகப் படித்துக்கொண்டதுதான். அதனால் நான் எழுதும்போதும் பேசுகிற மாதிரியே இருக்கும். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது என்பது அக்காவின் புகார். அது உண்மைதான் என்பதை இந்தக் கதையிலேயே பார்ப்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சோபாவுக்கு அடியிலிருந்து பந்தை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, அவளைக் கிளப்பிவிடுவதற்காக, "ஒரு காலத்துல அந்த விரல் கீபோர்டுல என்ன வேகமா ஓடும்" என்றேன். அக்கா நிமிர்ந்தாள். முகம் மாறிவிட்டது.

"அந்த ரயில் கேம் ஞாபகம் இருக்கால?"

எப்படி மறக்கும் என்றேன்.

"அதக் கொண்டா. அது கெடச்சா தெனமும் இந்தக் கையால வெளையாடுதேன். இந்தப் பந்து, களிமண்ணு எல்லாம் அவகிட்டயே குடுத்துரு."

பிசியோதெரபி பெண்ணிடம் போனில் கேட்டேன். எண்களை ஒவ்வொரு விரலாலும் மாற்றி மாற்றி அழுத்தினால் பந்தைவிட நல்லது, அத்தை எதையாவது செய்தால் போதும் என்றாள். ஆக, அக்காவின் கை இப்போது பெயர் தெரியாத ஒரு விளையாட்டில் வந்து நின்றது.

நாங்கள் வளர்ந்தது போபோடியில், கட்கியை ஒட்டிய ஒரு சந்தில். அப்பாவுக்குப் பாக்டரி வேலை. ரயில் போனால் வீட்டுப் பாத்திரம் அத்தனையும் சேர்ந்து ஒரு தடவை சிணுங்கும். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வந்த புதிது. சனிக்கிழமை மதியம் விருப்பம் உள்ளவர்களுக்கு வகுப்பு. எந்த வகுப்புப் பிள்ளையாக இருந்தாலும் சேரலாம். ஒரே சந்துப் பிள்ளைகளாகச் சேர்ந்து வீட்டுக்குப் போவோம் என்பதால் கம்ப்யூட்டர் மிஸ் ஒரு மெஷினுக்கு ஒரு சந்து என்று பிரித்துவிட்டார். எங்கள் சந்துக்கு அக்கா, நான், அக்காவின் வகுப்பில் படித்த எதிர்வீட்டு மராத்திப் பெண். அவள் எங்கள் அம்மாவின் அடுக்களையிலேயே வளர்ந்து, நாங்கள் பேசும் திருநெல்வேலித் தமிழை எங்களைவிட நன்றாகப் பேசியவள். அவளைத் தோழி என்றே சொல்கிறேன்.

செருப்பை வாசலில் விட வேண்டும். கையைக் கழுவிவிட்டு உள்ளே போக வேண்டும். அந்த அறையில் மட்டும் ஏசி இருந்தது. கோவிலுக்குள் போவதுபோலக் குளிர்ந்த தரையில் வெறுங்காலோடு போய் பெஞ்சில் உட்காருவோம். மிஸ் ஒரு சாவிக்கொத்தோடு வருவார். ஒவ்வொரு மெஷினுக்கும் முன்னால் ஒரு சின்னத் துளை. அதில் சாவியைப் போட்டுத் திருப்பிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போவார். 'மெஷினைப் பாருங்கள், படுத்தாதீர்கள்' என்பதை இந்தியில் சொல்லிக்கொண்டே போவார். வேறு எதுவும் சொல்லி எனக்கு ஞாபகம் இல்லை.

கறுப்புத் திரையில் பச்சை ரயில். இன்ஜினும் ஐந்தாறு பெட்டிகளும் ஊர்ந்து வரும். முன்னால் பாலம் அறுந்திருக்கும். பாலத்துக்கு மேலே ஒரு கணக்கு. விடையைப் போட்டால் பாலம் கூடிவிடும், ரயில் அந்தப் பக்கம் போகும். தப்பாகப் போட்டால் பள்ளத்தில் கவிழ்ந்துவிடும். நான் மனக்கணக்கு. சத்தமாக விடையைச் சொல்ல வேண்டும். அக்கா டிரைவர். கீபோர்டு அவளுக்கு மட்டும். தோழிக்கு வேலை விசில். மெஷினுக்குச் சத்தம் வராததால் வாயாலேயே கூ என்பாள், மிஸ் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும்போது.

அக்காவின் வேகம் சந்து முழுக்கப் பேச்சாக இருந்தது. சில நேரம் நான் விடையைச் சொல்லி முடிப்பதற்குள் திரையில் எண் வந்துவிடும். "பாத்தியால என் ஸ்பீட" என்பாள். ஒருநாள் மிஸ் எங்கள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, அக்காவின் தலையில் கைவைத்து ஷாபாஷ் என்றார். அன்று சாயங்காலம் அம்மா தண்ணீர்க் குழாயடியில் நின்று, என் மகள் கம்ப்யூட்டர் ஓட்டுகிறாள் என்று நாலு மொழியில் சொன்னாள். அதற்கு முன்னால் அக்கா கணக்கில் சுமார்தான். அந்தச் சனிக்கிழமைகளுக்குப் பிறகுதான், கணக்கு தன் விரல் நுனியில் இருக்கிறது என்று அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்பு போகவில்லை. இன்று அதுதான் அவள் பிழைப்பு.

ஒரே ஒரு குறை. மூன்றாவது பாலம். முதல் பாலத்தில் ஆறும் ஏழும், இரண்டாவதில் பன்னிரண்டில் ஐந்து போக, மூன்றாவதில் எட்டும் ஒன்பதும். ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே கணக்குகள்தான் வரும். எங்களுக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை. பாடப்புத்தகத்திலும் வருஷா வருஷம் அதே கணக்குதானே? மூன்றாவது பாலத்தில் நான் பதினேழு என்பேன். திரையில் பதினாறு விழும். ரயில் கவிழும். அக்கா என் தொடையில் கிள்ளுவாள்.

"நீதாம்ல பதினாறுன்ன."

நான் அம்மா மேல் சத்தியமாகப் பதினேழுதான் சொன்னேன் என்பேன். அந்தச் சண்டை முடியவே இல்லை. என் கல்யாணத்தில்கூட, மாலை மாற்றும்போது தப்பான பக்கம் திரும்பினேன் என்பதற்காக அக்கா கூட்டத்திலிருந்து, "மூணாவது பாலத்துலயே கவுத்தவன்தான இவன்" என்றாள். என் மனைவிக்கு அப்போது அது புரியவில்லை. பிறகு புரிந்து, அவளும் அதையே சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

விளையாட்டைத் தேடும் வேலையை மகளிடம் கொடுத்தேன். கல்லூரியில் படிக்கிறாள். தமிழ் காதால் மட்டும் தெரியும். பெயர் என்ன என்றாள். தெரியாது என்றேன். எந்தக் கம்பெனி போட்டது? தெரியாது. எப்படி இருக்கும்? பச்சையாக இருக்கும். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கடைக்கு வந்து, அண்ணே அந்த வெள்ளையா இருக்குமே அது ஒண்ணு குடுங்க என்று கேட்கிறவர்களை நான் பார்க்கும் பார்வை அது.

இப்படிப்பட்டவர்களுக்கென்றே இணையத்தில் ஓர் இடம் இருக்கிறது என்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். சின்ன வயதில் விளையாடியதைப் பாதி மறந்துபோன உலகத்து ஜனம் அங்கே வந்து கேட்கிறது. மகள் படித்துச் சொல்லச் சொல்ல எனக்கு அந்த ஜனத்தின் மேல் பிரியமாகிவிட்டது. ஒருவருக்கு ஒரு வாத்து மட்டும் ஞாபகம். ஒரு பெண்மணி, பூகோளம் சொல்லித்தரும் விளையாட்டில் ஒரு கதவு சாத்தும் சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தார். இன்னொருவர், அது கனவாகவும் இருக்கலாம், தயவுசெய்து யாராவது இல்லை என்று சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். முகம் தெரியாத யாரோ, பொறுமையாக, அந்த வாத்துக்குத் தொப்பி இருந்ததா என்று விசாரித்திருந்தார்கள். நம் தாலுகா ஆபீஸில் இவ்வளவு மரியாதையாக யாரும் விசாரித்து நான் பார்த்ததில்லை.

எங்கள் விண்ணப்பத்தை மகள் எழுதினாள். எழுதுவதற்கு முன் மூன்று பேரையும் விசாரித்தாள். எனக்கு அந்த ரயில் ஆற்றுப் பாலத்தில் போகிறது. அக்காவுக்கு அது கண்டாலா மலை, இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கு. தோழி இப்போது பாணேரில் பெரிய குடியிருப்பில் இருக்கிறாள். போனில் கேட்டால், அவளுக்கு அது போபோடி ரயில்வே கேட், நின்றால் எங்கள் வீடு தெரியும் என்கிறாள். ரயில் என்பதில் மட்டும் மூவருக்கும் மாற்றுக் கருத்தே இல்லை. மகள், ரயில், பாலம், கூட்டல் கழித்தல் என்று எழுதிப் போட்டாள்.

பதில்கள் வந்தன. எல்லாம் ரயில் விளையாட்டுகள். படத்தைப் பார்ப்போம், இது இல்லை என்போம். நீராவி ரயில், சுரங்க ரயில், ஒன்றில் கரடி ஓட்டுகிற ரயில். அக்கா ஒவ்வொன்றுக்கும் போனில், "இது நம்ம காடி இல்லல" என்பாள். வண்டி எதுவானாலும் புனேக்காரர்களுக்கு அது காடிதான். நாள் போய்க்கொண்டிருந்தது. பிசியோதெரபி பெண் எனக்குத் தனியாகப் போன் செய்து, அத்தையின் சுண்டுவிரலும் மோதிர விரலும் இறுக ஆரம்பித்துவிட்டன, விளையாட்டு வரும் என்று காத்திருக்காதீர்கள் என்றாள். அன்று கடையில் ஒருவருக்கு ஹோல்டருக்குப் பதில் ஸ்விட்சைக் கொடுத்து அனுப்பினேன்.

அன்று வீட்டுக்கு வந்து மகளிடம், இன்னொரு தடவை எழுது, ஒன்றும் விடாமல் எழுது என்றேன். நான் சொல்லச் சொல்ல அவள் ஆங்கிலத்தில் போட்டாள். விசிலைச் சொன்னேன். கணக்குகளைச் சொன்னேன். கடைசியாக மூன்றாவது பாலத்தையும் சொன்னேன். எட்டும் ஒன்பதும் பதினேழு என்றுதான் நான் சொல்வேன், பதினாறு விழும், எப்போதும் விழும், இதற்காக என் குடும்பம் இன்னும் என்னை மன்னிக்கவில்லை என்று எழுதச் சொன்னேன். இதெல்லாம் எதற்கு என்றாள். எழுது என்றேன்.

அதற்குத்தான் பதில் வந்தது. மகள் படித்தாள், பிறகு மெத்தையில் விழுந்து சிரித்தாள்.

"அப்பா, அது ரயில் இல்ல."

"பின்ன என்ன?"

"அது... அந்த, இலை சாப்பிடுமே. புழு. முடி இருக்கிற புழு."

கம்பளிப்பூச்சி. இலைக்கு இலை குச்சிப் பாலத்தில் போகிற கம்பளிப்பூச்சி. நான் பெட்டிகள் என்று நினைத்தது அதன் உடம்பு மடிப்பு. புகைபோக்கி என்று நினைத்தது அதன் கொம்பு. விளையாட்டின் பெயர் மனக்கணக்கு முதல் பாகம் என்பது போல ஒன்று. அதை வைத்து ஒருத்தராலும் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது.

சிரிப்பு அதற்கு மட்டும் இல்லை. பதில் எழுதிய மனிதர், அவர் எந்த ஊரோ, மிகவும் நாசூக்காக இன்னொன்றும் எழுதியிருந்தார். ஆறும் ஏழும், பன்னிரண்டில் ஐந்து, எட்டும் ஒன்பதும் என்ற வரிசை அந்த விளையாட்டின் முன்காட்சியில் வருவது. யாரும் எதையும் தொடாமல் விட்டால் அது தானாக ஓடிக் காட்டும். விடை தப்பானால் என்ன ஆகும் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக மூன்றாவதில் வேண்டுமென்றே தப்பாகப் போட்டுக் கவிழும். ஒருவேளை நீங்கள் அதை விளையாடாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தீர்களோ என்று கேட்டிருந்தார்.

முட்டாள்தனமான கேள்வி என்றேன். அக்கா அழுத்தினாள், என் கண்ணால் பார்த்தேன். உடனே தோழிக்குப் போன் போட்டேன். அவள் முழுசாகக் கேட்டாள். பிறகு, "அரே, அந்தச் சாவி" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடையில் பழைய கம்ப்யூட்டர் பெட்டிகளைக் காயலான் கடைக்கு எடுத்துப் போகிறவர்கள் இறக்கி வைப்பார்கள். அந்தத் துளையை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பக்கத்தில் பூட்டின் படம் போட்டிருக்கும். கீபோர்டைப் பூட்டுகிற சாவி அது. மிஸ் விளையாட்டைத் திறந்து வைத்துவிட்டு, எந்தச் சந்துப் பிள்ளைகளும் மெஷினைப் படுத்தாமல் இருக்க, வரிசையாகப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஸ்கூட்டரில் சாவி போட்டுத் திருப்பினால் கிளம்புவதுபோல, சாவி திருப்பினால்தான் கம்ப்யூட்டர் கிளம்பும் என்று நாங்கள் நினைத்தோம்.

அக்கா ஒரு பாலத்தைக்கூடக் கட்டவில்லை.

"அவகிட்ட சொல்லிராத" என்றாள் தோழி. "அவ பெரிய ஆளா ஆனதே அந்த ரயில்ல ஏறித்தான்." மகளுக்கு இது பிடிக்கவில்லை. சொல்லித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் அத்தையை ஏமாற்றுவது என்றாள். எனக்கு இரண்டு பேர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. மூன்றாவது பாலத்தில் நான் குற்றவாளி இல்லை என்று ஊரைக் கூட்டிச் சொல்லவும் ஆசையாக இருந்தது. ஆனால் அந்த இரண்டு விரல்களை நினைத்தேன். தன் பழைய வேகத்தைக் காட்டத்தான் அவள் இந்த விளையாட்டைக் கேட்டாள். அப்படி ஒரு வேகமே இருந்ததில்லை என்று தெரிந்தால் கம்பளிப்பூச்சியும் சோபாவுக்கு அடியில் போய்விடும். கை மூடாது. வண்டி கிடையாது.

ஒரு வழி செய்தேன். மகளின் லேப்டாப்பில் விளையாட்டைப் போட்டுக்கொண்டோம். திறந்த உடனே ஒரு பொத்தானை அழுத்திவிட்டால் முன்காட்சி வராது, நேராக விளையாட்டுக்குள் போய்விடும். கொஞ்சம் தாமதித்தால் காட்சி தானாக ஓட ஆரம்பித்துவிடும். அவ்வளவுதான், நீங்கள் வாயை மூடிக்கொண்டு அழுத்தினால் போதும் என்றாள் மகள். அவள் கல்லூரிக்குப் போக வேண்டியிருந்ததால் நான் மட்டும் ஹடப்சருக்கு, அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்கா சாப்பாட்டு மேஜையைத் துடைத்து வைத்திருந்தாள். கையைக்கூடக் கழுவியிருந்தாள். நான் லேப்டாப்பைத் திறந்து விளையாட்டைத் தொடங்கினேன். பொத்தானில் விரலை வைத்தேன். அப்போது பாருங்கள், இது எப்படிக் கிடைத்தது என்று அக்கா கேட்டாள். கேட்டால் சொல்ல வேண்டாமா? வாத்தைத் தேடுகிறவரில் ஆரம்பித்தேன். கதவுச் சத்தத்துக்குப் போனேன். கனவு மனிதரைச் சொல்லும்போது கையை வேறு ஆட்டிவிட்டேன் போலிருக்கிறது. அக்கா சிரிக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பச்சைப் பூச்சி இலையில் ஊர்ந்து வந்தது. ஆறும் ஏழும். பதின்மூன்று விழுந்தது. பாலம் கூடியது.

நான் பாய்ந்து அழுத்தப் போனேன். அக்கா இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வலது கை மடியில் கிடந்தது. பன்னிரண்டில் ஐந்து. ஏழு. எட்டும் ஒன்பதும். பதினாறு. பூச்சி பள்ளத்தில் விழுந்தது. பிறகு திரும்பவும் முதல் இலையிலிருந்து வந்தது. இரண்டாவது முறையும் முழுசாகப் பார்த்தாள்.

"யாரும் தொடலயேல."

ஆமாம் என்றேன்.

"அப்பவும் இப்படித்தானா?"

சாவியைச் சொன்னேன். இந்தத் தடவை சுருக்கமாகத்தான் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே யாருடைய வண்டியோ கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

"மிஸ் என் தலையில கைய வச்சு ஷாபாஷ்னாங்களேல."

  பிறகு அவளே, "பாவம், பூட்டின கீபோர்ட அந்த அடி அடிக்கவளப் பாத்து வேற என்னத்தச் சொல்லுவாங்க" என்றாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து எழுந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு நிற்கவில்லை. எனக்கும் வந்துவிட்டது. தொடையில் கிள்ளு வாங்கியவன் நான், என் கணக்கு என்ன ஆயிற்று என்று அப்போது கேட்கலாமா என்று நினைத்தேன். அவளாகவே, "நீ பதினேழுதாம்ல சொன்ன" என்றாள். அதைவிடப் பெரிய மன்னிப்பு எங்கள் வீட்டில் கிடையாது.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படியானால் இதை நிஜமாக எப்படி விளையாடுவது என்று கேட்டாள். நான் பொத்தானை அழுத்தினேன். புதுக் கணக்கு வந்தது. நாங்கள் பார்த்தே இராத கணக்கு. அக்கா வலது கையை மடியிலிருந்து தூக்கி, மேஜைமேல் வைத்து, சுட்டுவிரலை எண்ணுக்கு மேலே கொண்டுபோனாள். விடை அவளுக்குத் தெரியும், கண்ணிலேயே தெரிந்தது. விரல் இறங்குவதற்குள் பூச்சி விழுந்துவிட்டது.

"இரு, ஒனக்கு வச்சிருக்கேன்" என்றாள் பூச்சியிடம்.

அன்று ஒரு பாலமும் கூடவில்லை. நான் கிளம்பியதைக்கூட அவள் கவனிக்கவில்லை. மறுநாள் அத்தான் போன் செய்து, சாதம் வடிக்காமல் புழுவோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள், நீ என்ன கொண்டுவந்து கொடுத்தாய் என்று கேட்டார். அடுத்த வாரங்களில் எனக்கு வந்த செய்திகள் எல்லாம் இந்த மாதிரிதான். ஒருநாள், மூன்று பாலம் தாண்டியாச்சு. இன்னொரு நாள், சுண்டுவிரல் ஐந்தை அழுத்திவிட்டது. விரல் வீங்கியிருந்த ஒருநாள், ஒரே போர் என்று மட்டும் எழுதியிருந்தாள். அன்று நான் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டுப் போய் ஐஸ் வைத்துக் கொடுத்தேன். பிசியோதெரபி பெண், பந்தையும் களிமண்ணையும் நைஸாகத் திரும்ப உள்ளே கொண்டுவந்தாள். பூச்சி சீக்கிரம் போக வேண்டுமென்றால் விரலுக்குப் பலம் வேண்டும் என்று சொன்னதும் அக்கா அந்த உருண்டையைப் பழி தீர்ப்பதுபோலப் பிசைந்தாளாம்.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது அக்கா வீட்டில் இல்லை. கீழே பார்க்கிங்கில், உறையை எடுத்துவிட்ட ஸ்கூட்டரின் மேல் உட்கார்ந்திருந்தாள். சாவி போடவில்லை. ஓட்டுவதற்கு இன்னும் அனுமதி வரவில்லை, பிடித்துப் பார்க்கத்தான் அனுமதி. வலது கையால் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பின்னாலிருந்து தள்ளச் சொன்னாள். தள்ளினேன். வண்டி கொஞ்சம் நகர்ந்தது. அவள் கையைத் தளர்த்தி, உதறி, ஒவ்வொரு விரலாகத் திரும்பப் பிரேக்மேல் வைத்தாள்.

"இப்பத் தள்ளுல."

தள்ளினேன். வண்டி நகரவில்லை. இன்னும் தள்ளு என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தூணில் காலை முட்டுக்கொடுத்துத் தள்ளினேன். முன்சக்கரம் தரையில் அறைந்து வைத்ததுபோல நின்றது. எங்களை ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்த வாட்ச்மேன், வண்டி கிளம்பாமல் நான் கஷ்டப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார். இந்தியில் ஏதோ சொல்லிக்கொண்டே ஓடிவந்து, அவரும் என்னோடு சேர்ந்து தோளைக் கொடுத்து முக்கித் தள்ள ஆரம்பித்தார். அவரிடம் விஷயத்தைச் சொல்ல எனக்கு மூச்சு இல்லை. அக்கா முன்னால் குனிந்து, சிரித்துக்கொண்டே, பிடியை விடாமல் உட்கார்ந்திருந்தாள்.